மூன்றாவது வரி

1

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பால் வாங்கிக் குடித்தேன். இஞ்சி மணத்தது. எனக்கு முன்னால் யாரோ இஞ்சி டீ குடித்த கிளாஸ், சரியாக அலசவில்லை. கோபம் வரவில்லை. முகம் தெரியாத ஒருவர் என் நாக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது போலிருந்தது. இந்தக் கதை அந்தக் கிளாஸிலிருந்து வந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "2006ஆம் ஆண்டு, செராமிக் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் வானத்தை நோக்கி..."

வேண்டாம். புகைபோக்கிகள் இல்லாமலே பார்க்கலாம்.

2

வேல்விழியின் கனவில் கோப்பைகள் வந்தன. வெள்ளை வெள்ளையாக, யார் யாருடைய பெயர்களையோ சுமந்துகொண்டு, சத்தமில்லாமல் மிதந்துபோயின.

பூவராகவனின் கம்பெனியில் விசேஷங்களுக்குக் கோப்பைகள் செய்வார்கள். வாசகத்தைத் தாளில் அச்சடித்து, கோப்பையில் ஒட்டி, சூளையில் வைத்தால் எழுத்து கோப்பையோடு வெந்துவிடும். அதற்கான புரோகிராமை எழுதியவள் வேல்விழி.

ஒவ்வொரு ஆர்டருக்கும் அதன் வாசகத்தை வைத்துக்கொள்ளப் புரோகிராமுக்குள் புதிதாக ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி, முடிந்ததும் தூக்கிப்போட்டால், கம்பெனியின் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. அதனால் கொஞ்சம் ஆப்ஜெக்டுகளை முன்கூட்டியே செய்துவைத்தாள். இதை ஆப்ஜெக்ட் பூல், அதாவது பொதுத் தொகுப்பு என்பார்கள். ஆர்டர் வந்தால் ஒன்று வெளியே போகும், வாசகத்தை வாங்கிக்கொள்ளும், அச்சானதும் திரும்பி வந்துவிடும். அடுத்தவருக்கும் அதுவே. (டீக்கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் புதுக் கிளாஸா வாங்குகிறார்?) திரும்பி வந்ததும் உள்ளே இருப்பதைத் துடைக்க வேண்டும். அந்த ஒரு கட்டளையை அவள் எழுத மறந்திருந்தாள்.

எல்லாரும் மூன்று வரி கொடுத்தவரை தவறு தெரியவில்லை. புது வரி பழையதன் மேல் உட்கார்ந்துகொண்டது. எங்கள் பக்கத்து மங்களூரிலிருந்து, இறந்துபோன ஒருவரின் முதலாண்டு நினைவு நாளுக்கு ஓர் ஆர்டர் வந்தது. அடுத்து வந்தது கருவேப்பிலங்குறிச்சிக் கல்யாணம். அவர்கள் கொடுத்தது இரண்டே வரி. மூன்றாவது வரியில் பழையது அப்படியே நின்றது.

3

மணப்பெண்ணின் தாய் அமிர்தம் கோப்பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மணமக்கள் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில்: அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம்.

"எம் மாப்ள உசுரோட இருக்காருங்க! இதக் கையில வாங்குறவங்க மொய் வைப்பாங்களா, மால போடுவாங்களா?"

பூவராகவன் கோப்பையை வாங்கிப் படித்தார். தாள் ஒட்டும் பக்கிரியைக் கூப்பிட்டார். "ரெண்டு ஆர்டர் தாளையும் கலந்து ஒட்டிட்டியாய்யா?"

பக்கிரி கோப்பையைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "கலந்திருப்பேங்க போலருக்குது. பொடி எழுத்து, கண்ணுக்கு ஆப்படலீங்க."

"கண்ணு தெரியாதவனுக்கு இங்க என்ன வேல? நாளையிலேருந்து வராத."

(இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கிரி இந்தக் கதைக்காகப் பிறந்தவர் இல்லை. நான் பாதியில் விட்ட வேறொரு கதையில் அவர் காவல்காரர். எது காணாமல் போனாலும் அவரைத்தான் கேட்பார்கள். பெயரை மாற்றி, வேலையை மாற்றி இங்கே உட்கார வைத்தேன். அந்தத் தலைகுனிவை மட்டும் துடைக்கவில்லை. திருத்திப் பார்த்தேன்: "பக்கிரி நிமிர்ந்து, 'நான் ஒட்டுனதுல தப்பு...'" வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை.)

4

அதே அறையில் உட்கார்ந்திருந்த வேல்விழி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. சொன்னால் அவள் வேலை போகும். அவள் சம்பளத்தில்தான் தம்பி காலேஜில் படிக்கிறான். சொல்லாவிட்டால் பக்கிரியின் வேலை போகும்.

"வேற கோப்ப போட்டுத் தர்றேம்மா, காசே வேணாம்" என்றார் பூவராகவன்.

"கோப்ப மாறும். சொன்ன சொல்லு மாறுமா? கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன்."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் குறையைத் தாளில் எழுதிக் கோயிலில் கட்டினால் அவர் விசாரித்துத் தீர்ப்பார். எங்கள் பக்கத்து நம்பிக்கை, என்னுடையதும்தான்.

ஒரு முடிவு எழுதினேன். வேல்விழி உண்மையைச் சொல்கிறாள், அமிர்தம் அவளைக் கட்டிக்கொள்கிறார், எல்லாரும் அழுகிறார்கள். கிழித்துப்போட்டேன். என் ஆசையை அவள் வாயில் ஊற்றியிருந்தேன்.

இன்னொன்று: அவள் பேசவில்லை. சாயங்காலம் அந்தக் கட்டளையைச் சேர்த்துவிடுகிறாள். பக்கிரி சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டைத் தாண்டி...

கை வரவில்லை.

5

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அமிர்தம் ஒரு வெள்ளைத் தாளை வேல்விழியின் முன்னால் நகர்த்தினார். "எனக்குக் கையெழுத்துதான் போடத் தெரியும் பாப்பா. நீயே எழுதிக் குடு. யாரு செஞ்சாங்களோ அவங்க பேரப் போடு."

வேல்விழி பிள்ளையார் சுழி போட்டாள். கொளஞ்சியப்பர் துணை என்று எழுதினாள். நடந்ததை எழுதினாள். செய்தவர் என்று எழுதி நிறுத்தினாள். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் எழுந்து எழுந்து அமர்ந்தது. வெளியே சூளையின் சூட்டில் முற்றமும் மரமும் தண்ணீருக்கடியில் தெரிவது போல் அசைந்துகொண்டிருந்தன.

பக்கிரி பக்கத்தில் வந்து குனிந்தார். "ஊரு மங்கலம்பேட்டைன்னு சேத்துப் போடு பாப்பா. பக்கிரின்னா நெறையப் பேரு இருக்காங்க. சாமி தேடி அலையக் கூடாது."

வேல்விழி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

நான் இங்கே விலகிக்கொள்கிறேன். இதற்கு மேல் எழுதினால் அந்த நல்ல மனசு என்னுடையதாக இருக்கும், அவளுடையதாக இருக்காது. என் பங்குக்கு ஒன்றும் அவளுக்குள் ஒட்டியிருக்காதபடி துடைத்து, வாசகரே, அவளை உங்களிடம் தருகிறேன்.

அமிர்தத்தை ஏற்றிக்கொண்டு போக வாசலில் ஆட்டோ நிற்கிறது. பேனா இன்னும் தாளில்தான் ஊன்றியிருக்கிறது. அந்த இடத்தில் மை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது.