முதல் விரால்

ஆரணிக்கு வெளியே இருக்கும் அந்த ஏரி யாருக்கும் சொந்தமில்லை, கண்ணுகளா. அதனால் எல்லாருக்கும் சொந்தம். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊரே ஒருநாள் இறங்கி மீன் பிடிக்கும். முதல் மீனைப் பிடித்தவர் அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். பெண்கள் குலவையிடுவார்கள். பிறகுதான் மற்றவர்கள் கூடை நிரப்பலாம்.

வருஷா வருஷம் அந்தக் குலவை கற்பகத்துக்கே. கால்வாய் வந்து விழும் மூலையில் கைவிட்டால் அவளுக்கு விரால் அகப்பட்டுவிடும். அவள் ஓரகத்தி பரிமளாவுக்கு வயிறு எரியும்.

"விராலுங்க அவ கைய மோந்துகினு வருதுங்க போல."

"நீயும் அங்க போயி நில்லேன், யாரு வேணான்னாங்க?" என்பான் அவள் புருஷன்.

"அவ நின்ன எடத்துல நானா?"

பரிமளா வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார்கள். மிஞ்சிய சாயத்தண்ணீரைத் தொட்டியில்தான் கொட்ட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. மீன் பிடிக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம், அவள் அண்டா அண்டாவாக, ஏரிக்குப் போகும் பின்பக்கக் கால்வாயில் சாய்த்தாள். கற்பகத்தின் மூலை மட்டும் கலங்கட்டும், எதிர்க்கரையில் தான் முந்திக்கொள்ளலாம் என்று நினைப்பு.

காலையில் ஏரி பாதிக்குமேல் அரக்கு நிறம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. துண்டை வீசி எல்லாரையும் இறங்கச் சொல்ல வேண்டிய ஊர்ப் பெரியவர் இராஜமாணிக்கம் அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"யாரும் எறங்காதீங்க. இந்த மீன எவன் துன்றது?"

கற்பகம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு பரிமளாவை.

"அக்கா, இது உங்க வூட்டு அரக்கு. நேத்து கொடியில நூலு காஞ்சுகினு இருந்துச்சே."

பரிமளாவின் காலடியில் ஒரு விரால் சாய்ந்து மிதந்தது. குனிந்து எடுத்தாள். அது துள்ளவே இல்லை. அந்த வருஷத்து முதல் மீன், அவள் கையில். ஒருத்தியும் குலவையிடவில்லை.

"மொத மீனு. வுடணும் இல்ல? எங்க வுடுவ, அக்கா?" என்றாள் கற்பகம். சொல்லிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு கால்வாயில் இறங்கிச் சேற்றை அள்ளி அடைக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள்.

பரிமளா மீனோடு கரைமேல் ஓடினாள். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கற்பகம் வைத்த சேறு அப்படியே நின்றது. 'அதுக்கும் அவ கைதானா!' அந்த நேரத்திலும் சுருக்கென்றது.

எதிர்க்கரையில் தண்ணீர் இன்னும் தெளிவாக இருந்தது. விராலை இறக்கினாள். சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்தாள்.

"போயேண்டி. ஜல்தி போயேன்."

வெகுநேரம் கழித்து வால் அவள் உள்ளங்கையில் அடித்தது. விட்டாள். சிவந்த கையோடு, கற்பகத்தின் பக்கத்தில் சேறு அள்ளத் திரும்பி நடந்தாள்.