ரோபோவுக்கு வாய் கிடையாது

கம்ப்யூட்டரே இல்லாமல் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் மூளையை வரவழைக்க வேண்டும் என்று பெரிய மிஸ் சொன்னபோது, இவருக்கு வேறு வேலையே இல்லையா என்றுதான் நினைத்தேன். எனக்கு இருக்கிற வேலை போதாதா? மூக்கு துடைக்க வேண்டும், ஷூ லேஸ் கட்ட வேண்டும், யார் யாரைக் கடித்தது என்று பஞ்சாயத்து பண்ண வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரு அறை நிறைய இருந்தால் மதியத்துக்குள் மனுஷி என்ன கதி ஆவாள் என்பது அந்த அறைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் பள்ளி ஒரு வீட்டின் கீழ்த்தளம். முன்னறை என் வகுப்பு, நடுவறை சின்னப் பிள்ளைகள் தூங்குகிற இடம், கடைசியில் கழிப்பறை. பெரிய மிஸ்தான் தலைமை ஆசிரியை, நிர்வாகி, சில நாள் வாட்ச்மேனும். நல்ல மனுஷிதான். ஆனால் பக்கத்துத் தெருப் பள்ளியில் புதிதாக எதைத் தொடங்கினாலும் இவருக்கு இருப்புக் கொள்ளாது.

பயிற்சி என்ற பெயரில் ஒரே ஒரு காலை நேரம் கொடுத்தார்கள். கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்து, சின்னக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்கத் தெரிந்தால் போதும், எந்தப் படியில் தப்பு என்று தேடத் தெரிந்தால் போதும், எல்லாவற்றையும் விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம் என்றார். அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தப்பாக இருந்திருந்தால் பெரிய மிஸ்ஸிடம் போய்ச் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

முதல் நாள் நானே ரோபோ ஆனேன். "மிஸ்ஸுக்குப் பல் தேய்க்கத் தெரியாது. நீங்க என்ன சொல்றீங்களோ அதை மட்டும்தான் செய்வேன்" என்றேன். பேஸ்ட்டை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். பிரஷ் மேல் வைக்கச் சொன்னார்கள். முழு டியூபையும் அப்படியே பிரஷ் மேல் வைத்தேன். சிரித்துச் சிரித்து ஒருத்தனுக்கு விக்கல் வந்துவிட்டது. "மூடியைத் திறக்கணும்னு யாராவது சொன்னீங்களா?" என்று கேட்டால், "அதுகூடத் தெரியாதா மிஸ்?" என்று என்னையே திட்டினார்கள்.

பிறகு தரையில் வண்ண டேப்பை ஒட்டிக் கட்டங்கள் போட்டேன். ஒரு பிள்ளை ரோபோ. மற்றவர்கள் அம்புக்குறி அட்டைகளை வரிசையாக அடுக்க வேண்டும்: முன்னால் போ, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, எடு, போடு. ரோபோ அட்டையில் உள்ளபடி நடந்து, பந்தை எடுத்துக் கூடையில் போட வேண்டும். தப்பாகப் போனால் முதல் கட்டத்துக்குத் திரும்பி வந்து, தப்பான அட்டையை மட்டும் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. நடத்திப் பாருங்கள். அட்டையைத் தின்கிறவன் ஒருத்தன், ரோபோவைத் தள்ளிவிடுகிறவள் ஒருத்தி. எல்லாருக்கும் மேலே ரேடியோ.

ரேடியோ என்பது நாங்கள் வைத்த பெயர். காலையில் அவள் அம்மா வாசலில் விட்டதும் ஆரம்பிப்பாள், சாயங்காலம் கூட்டிப்போகும்வரை ஓயமாட்டாள். எல்லாம் ஏன், ஏன், ஏன். பக்கத்தில் உட்காரும் பையனின் அம்மாவிடம் போய், "உங்க பையன் ஏன் என் பென்சிலைத் திங்கிறான்? வீட்டுல ஒண்ணும் தரமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரியிடம், "நீங்க ஏன் ஒண்ணும் செய்யாம உக்காந்தே இருக்கீங்க?" என்றாள். அதற்குப் பிறகு பெரிய மிஸ் பொறுக்கவில்லை. பெற்றோருக்கெல்லாம் இந்த விளையாட்டை நடத்திக் காட்டும் நாளில் அவள் வாயைத் திறந்தால், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளும்படி அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா மருந்துக்கடையில் நிற்கிறவர். சாயங்காலம்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்கிற பள்ளி இந்தப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"இங்க இல்லைன்னா நான் வேலையை விடணும் மிஸ். அன்னைக்கு எனக்கு லீவும் தரமாட்டாங்க. நீங்கதான் எப்படியாவது பார்த்துக்கணும்."

எனக்கு அவளைப் பிடிக்கும். ஒரு நாளில் நூறு தடவை தலையில் அடித்துக்கொண்டாலும் பிடிக்கும். அதனால்தான் அந்த யோசனை வந்தது. அவளையே ரோபோவாக்கிவிட்டால் பேச வேண்டிய அவசியமே இல்லை. அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் வெள்ளித்தாள் ஒட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டேன். வாய்க்குப் போடவில்லை.

"வாய் எங்க மிஸ்?"

"ரோபோவுக்கு வாய் கிடையாது."

"அப்ப எப்படிச் சாப்பிடும்?"

"சாப்பிடாது. கரண்ட்ல ஓடும்."

"கரண்ட் இல்லைன்னா செத்துடுமா? அதுக்கு வலிக்குமா? வலிச்சா எப்படிச் சொல்லும்?"

என் பொறுமை அங்கேயே தீர்ந்துவிட்டது. அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "இங்க பாரு. பொட்டி தலையில இருக்கிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. என்ன ஆனாலும் பேசக்கூடாது. பேசினா உன்னை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க. அம்மா கஷ்டப்படுவாங்க. புரிஞ்சுதா?"

அவள் என் உள்ளங்கையில் தன் கையை வைத்துச் சத்தியம் செய்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அந்த நாள் வந்தது. முன்னறையில் பெற்றோர் சுவரோரமாக, பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் வராததுமாக ஒருவர், "கம்ப்யூட்டர் க்ளாஸுன்னு சொன்னீங்க, ஒரு கம்ப்யூட்டரைக்கூடக் காணோமே" என்றார். பெரிய மிஸ் என்னைப் பார்த்தார். பயிற்சிக்காரர் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தேன். பிள்ளைகள் முதல் ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். ரேடியோ பெட்டியை மாட்டிக்கொண்டு, விறைப்பாக நடந்து, பந்தை எடுத்துக் கூடையில் போட்டாள். மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. கைதட்டினார்கள்.

அதோடு முடித்திருக்கலாம். பெரிய மிஸ்ஸுக்குத் திடீர் உற்சாகம். "பெரியவங்க யாராவது ட்ரை பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். நீலச்சட்டை போட்ட ஒரு அப்பா எழுந்தார். பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. "இதெல்லாம் நமக்கு ஒரு விஷயமா?" என்று சிரித்துக்கொண்டே அட்டைகளை அடுக்கினார்.

அவர் ரோபோவுக்கு எதிரே நின்று அடுக்கினார். அவருடைய வலது அவளுக்கு இடது. முதல் திருப்பத்திலேயே ரேடியோ கூடையை விட்டு விலகி ஜன்னல் பக்கம் போனாள்.

"பாப்பா, ரைட்டுன்னா இந்தப் பக்கம்மா."

ரேடியோ நின்றாள். பெட்டி அசையவில்லை.

"அப்பா, ரோபோ எந்தப் பக்கம் பாக்குதோ நீயும் அந்தப் பக்கம் பாத்து யோசிக்கணும்" என்றான் அவர் மகன்.

"நீ சும்மா இருடா. எனக்குத் தெரியும்."

தெரியவில்லை. மறுபடி முதல் கட்டம். மறுபடி அடுக்கினார். இந்த முறை முதல் திருப்பத்தைச் சரிசெய்து அடுத்ததில் சொதப்பினார். தப்பான அட்டையை மட்டும் மாற்றுங்கள் என்று நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் எல்லா அட்டைகளையும் கலைத்தார். என் பிள்ளைகளில் அட்டையைத் தின்கிறவன்கூட இதைவிடத் தேவலை. மற்ற அப்பாக்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், அவர் யாரையும் அட்டையைத் தொட விடவில்லை. பெரிய மிஸ்ஸோ, அவர் மனம் கோணக்கூடாது என்று, "டைம் இருக்கு சார், நிதானமாப் பண்ணுங்க" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ரேடியோ நெளிய ஆரம்பித்தாள். ஒரு காலில் நின்றாள், மறு காலில் நின்றாள். பெட்டி மெதுவாக என் பக்கம் திரும்பியது. அந்த இரண்டு ஓட்டைகளும் என்னையே பார்த்தன. போச்சு, இப்போது வாயைத் திறந்து அந்த ஆளுக்கு இடது வலது சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உதட்டில் விரலை வைத்து முறைத்தேன். பெட்டி பழையபடி நேராகத் திரும்பிக்கொண்டது.

முதலில் அவளுடைய வெள்ளை சாக்ஸ் நனைந்தது. அப்புறம் தரையில் ஒட்டிய மஞ்சள் டேப் ஓரமாக ஈரம் ஓடி, அடுத்த கட்டத்துக்குப் போனது. முன்வரிசையில் ஒரு அம்மா காலைத் தூக்கிக்கொண்டார். "ரோபோ ஒழுகுதுப்பா" என்றார் நீலச்சட்டைக்காரர். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, நகரச் சொல்லி யாரும் அட்டை வைக்கவில்லையே.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளின் கையில் இருந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். ஆனால் அவர் மேல் என்ன தப்பு? பேசாதே என்று சொன்னவள் நான். முறைத்தவளும் நான். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பெட்டியைக் கழற்றலாம் என்று ஓடினேன், பாதியில் நின்றுவிட்டேன். பெட்டி இருக்கிறவரை அங்கே நிற்பது ஒரு ரோபோ. கழற்றினால் அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

"ரோபோ, வலது பக்கம் திரும்பு" என்றேன், வகுப்பில் சொல்கிற அதே குரலில். திரும்பினாள். "முன்னாடி போ. இன்னும் முன்னாடி. இடது பக்கம் திரும்பு."

கட்டங்களைத் தாண்டி, கதவைத் தாண்டி நடந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நீலச்சட்டைக்காரரின் மகன்தான் முதலில் எழுந்தான். "மிஸ், அங்க பாப்பாங்க தூங்குற பாய் இருக்கு. வலது பக்கம் திரும்பி, முன்னாடி போய், அப்புறம் இடது" என்றான். "படி இருக்கு, காலைத் தூக்கு" என்றாள் இன்னொருத்தி. எல்லாப் பிள்ளைகளும் கதவருகே வந்து நின்று, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல், கழிப்பறை வாசல்வரை வழி சொன்னார்கள். ஒரு இடத்தில்கூடத் தப்பு வரவில்லை. இத்தனை நாள் தொண்டை வறளக் கத்தியும் வராதது அன்று வந்தது, என்னால் அதைச் சந்தோஷமாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பெட்டியைக் கழற்றினேன். முடியெல்லாம் வியர்வையில் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. கீழ் உதட்டைப் பல்லால் கடித்தபடியே நின்றாள். பல் பதிந்த தடம் சிவந்திருந்தது. கால்களைக் கழுவிவிட்டேன், அலமாரியிலிருந்து மாற்று உடுப்பு எடுத்துப் போட்டுவிட்டேன். "மிஸ் தப்புப் பண்ணிட்டேண்டா" என்றேன். அப்போதும் அவள் உதட்டை விடவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய மிஸ் வந்தார். முகமெல்லாம் நிம்மதி.

"நல்ல வேளை, சமாளிச்சுட்டீங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இவ இன்னைக்கு ஒரு சத்தம் போட்டாளா? அப்படி ஆனப்பகூட வாயைத் திறக்கலையே. இப்படியே இருந்தான்னா தாராளமா இங்கயே படிக்கட்டும். அவங்க அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த அம்மா வேலையை விட வேண்டியதில்லை. இவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றைக் கையில் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளக் கூசும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

என் கை இழுபட்டது. ரேடியோ, தரையில் கிடந்த பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மிஸ், இப்ப பேசலாமா?"

"பேசு. என்ன வேணா பேசு."

அவள் பெரிய மிஸ் பக்கம் திரும்பினாள். "ரோபோவுக்கு அவசரமா வந்தா காட்டறதுக்கு ஏன் ஒரு அட்டைகூட இல்லை?"

பெரிய மிஸ் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். "அட்டை எதுக்குடா கண்ணு? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அனுப்பிடுவீங்களே."

பெரிய மிஸ் என்னைப் பார்த்தார். நான் அந்த ஈர சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். இந்தத் தடவை நான் அவருக்காக எந்தப் பதிலையும் எடுத்துக் கொடுப்பதாக இல்லை.

"அனுப்பமாட்டேன்" என்றார் மெதுவாக.

"பேசினாலுமா?"

"பேசினாலும்தான்."

"அதை இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க மேடம்" என்றேன். "அவளுக்குச் சரியாக் கேட்டிருக்காது."

"எனக்கு நல்லாவே கேட்டுச்சு மிஸ்" என்றாள் ரேடியோ. "நீங்க ஏன் பெரிய மிஸ்ஸைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்றீங்க? அவங்க பாவம் இல்லையா? உங்களுக்கு ஏன் கண்ணுல தண்ணி வருது?"

கொஞ்ச நேரம் சும்மா இரேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டேன்.