சவரப் புண்

கல்யாணமான இரண்டாம் மாதத்தில்தான் வெள்ளியங்கிரி தன் மனைவியிடம் அதைக் கேட்டான். தறிகளுக்குப் பாவு நூல் ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறவன் அவன். சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடையடிக்கிற வேலையில் கூட்டாளிகள் நிறைய. அவர்களோடு சேர்ந்து எங்கேயோ ஒரு வீடியோ கேசட் பார்த்துவிட்டு வந்தவன், கீழே இருக்கிற முடியையெல்லாம் சுத்தமாக எடுத்துவிடச் சொன்னான். மதிவதனிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பெற்றவளிடம்கூடக் கேட்க முடியாத சங்கதி. ஆனால் அவன் அதட்டிச் சொல்லவில்லை, கொஞ்சித்தான் சொன்னான். புதுப்பெண்ணுக்கு அந்தக் கொஞ்சல் போதுமாக இருந்தது.

எப்படி எடுப்பதென்று அவனும் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியாது. மாமியார் ராசாத்தாள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, குளிக்கிற மறைப்புக்குள் அவனுடைய ரேசரை எடுத்துக்கொண்டு போனாள். அவன் தாடி வழித்துப் பழசான பிளேடு அதில் இருந்தது. துணி சோப்பைத் தேய்த்துக்கொண்டு, யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் கீழிருந்து மேலாக அழுத்தி இழுத்தாள். இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. அன்றைக்கு வெள்ளியங்கிரிக்கு ஏக சந்தோஷம்.

மறுநாளே அரிப்பு ஆரம்பித்தது. வெட்டுப்பட்ட முடி முளைக்கையில் ஊசி ஊசியாகக் குத்தியது. மதிவதனி வேலை பார்த்த தறிக்குடோனில் தகரக் கூரை, உள்ளே அனல். தறிக்கும் தறிக்கும் நடுவே நாளெல்லாம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வேர்வையில் பஞ்சுத்தூசி ஒட்டிக்கொள்ளும், தொடையும் துணியும் உரசும். நாலு பேர் நிற்கிற இடத்தில் சொறியவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அது ஆறுவதற்குள் அவன் மறுபடியும் கேட்டான். புண்ணாக இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்ததில், தானாகவே போய் ரேசரை எடுத்தாள். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. ஆறுகிற தோலின் மேலேயே திரும்பத் திரும்ப அந்தப் பிளேடு ஓடியது. சிவப்புச் சிவப்பாகப் புறப்பட்டவை பழுத்துக் கட்டியாயின. பெட்டிக்கடையில் சொறி படைக்கு விற்கிற களிம்பை வாங்கிப் பூசினாள். தீப்பட்ட மாதிரி எரிந்து தோல் உரிந்து நீர் கோத்தது. அதற்குப் பிறகு அவளால் கால்களைச் சேர்த்து வைத்து நடக்க முடியவில்லை.

ராசாத்தாள் அந்த நடையைப் பார்த்தாள். துவைக்கப் போட்ட உள்பாவாடையில் சீழ்க்கறையையும் பார்த்தாள்.

எய்ட்ஸ் பற்றி ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த காலம் அது. சுகாதாரத்துறை ஜீப் தெருத்தெருவாக ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போகும். பேருந்து நிலையச் சுவரில் எலும்புக்கூடு வரைந்து வைத்திருந்தார்கள். அந்த நோய் எப்படி வரும், எப்படி வராது என்று ஜீப்பில் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பயம் மட்டும் ஏறியது. மதிவதனி கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள், அங்கேயே பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவள். ராசாத்தாளுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, மகனையும் உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்புள்ளே, திருப்பூருல இருந்தப்பவே உனக்கு இந்தச் சீக்கு இருந்துச்சா? மறைச்சுப்போட்டு எம்பையன் தலையில கட்டீட்டாங்களா?"

மதிவதனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான் எடுக்கச் சொன்னேன், பிளேடு பட்ட புண் என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். வெள்ளியங்கிரி கைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி வேறு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க சொல்லுங்க" என்றாள் மதிவதனி.

"எனக்கென்ன தெரியும்?" என்றான் அவன். "நாந் தெனமும் வண்டிக்குப் போறவன்."

அவள் தானே சொல்லிவிடலாம்தான். மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் முன்னால், உன் மகன் ராத்திரி என்னிடம் இன்னதைக் கேட்டான் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் அவன் இல்லையென்று சொல்லிவிடுவான் என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துபோயிற்று. சாயங்காலப் பேருந்தில் அவளைத் துணிமணியோடு ஏற்றிவிட்டார்கள். டெம்போ ஓட்டுகிறவன் அந்த டெம்போவில்கூடக் கொண்டுவந்து விடவில்லை.

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு காலனியில் அவள் அம்மா கருப்பாத்தாள், கோழிப்பண்ணையில் வேலை செய்துகொண்டு, இளையவள் அன்புச்செல்வியோடு இருந்தாள். பெரியவள் வந்து சேர்வதற்கு முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. கருப்பாத்தாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் மறுநாளிலிருந்து மகளுக்கென்று தட்டும் டம்ளரும் தனியாக வைத்தாள். வெளியே கழுவி வெளியே கவிழ்த்தாள். அன்புச்செல்வியை அக்கா பாயில் படுக்கவேண்டாம் என்றாள். மதிவதனிக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அந்த நோயேதானோ, எங்கேயாவது எதையாவது தொட்டு வந்துவிட்டதோ என்று படுத்துக்கொண்டே யோசித்தாள். அரளிச்செடி எங்கெங்கே இருக்கிறது என்றும் யோசித்தாள்.

காய்ச்சல் கண்டு பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் கருப்பாத்தாள் பயந்துபோய் அவளைப் பல்லடத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சாஜிதா பேகம் கோயமுத்தூரிலிருந்து வந்து போகிற அம்மாள், நாற்பது வயதிருக்கும். திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, தாயை வெளியே இருக்கச் சொன்னார்.

"பிளேடு போட்டியா?"

மதிவதனி கண்களை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அத்தனை நாளும் வாயில் வராதது, அந்த ஒரு கேள்வியில் அழுகையாக வந்தது. பழைய பிளேடு, துணி சோப்பு, படைக் களிம்பு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை.

"இது சவரம் பண்ணினதால வந்த புண்ணும்மா. முடி தோலுக்குள்ளயே சுருண்டு வளந்து, சீழ் வெச்சிருக்கு. களிம்பு போட்டு வேக வெச்சுட்டே. ஊசி போட்டு மாத்திரை சாப்பிட்டா ஆறிரும். எங்க வீடுகள்ல இந்த முடியை எடுக்கறது காலங்காலமா வழக்கந்தான், வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா முறை தெரியாம எடுக்கக் கூடாது."

அப்புறம் அவர் முறையைச் சொன்னார். ஆறும்வரை தொடவே கூடாது. பிறகும், கத்திரியால் ஒட்ட நறுக்கிவிட்டாலே போதும், அதில் அரிப்பும் வராது. வழித்தே ஆகவேண்டுமென்றால் முதலில் நறுக்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, குளிக்கிற சோப்பை நுரைக்க வைத்து, யாரும் போடாத புதுப் பிளேடால், முடி சாய்ந்திருக்கிற பக்கமாகவே அழுத்தாமல் இழுக்கவேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டக்கூடாது. பச்சைத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, தளர்வான பருத்தித் துணி உடுத்திக்கொண்டால் சரி.

"எடுக்காம விட்டாலும் அழுக்கு ஒண்ணுமில்ல. உன் உடம்பு, உன் இஷ்டம்" என்று முடித்தார்.

மதிவதனியே கேட்டுக்கொண்டதால் ரத்தமும் எடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். நோய் இல்லையென்று வந்தது. கருப்பாத்தாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டாள். அன்றைக்கே தனித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். புண் ஆறிக் கருத்த தழும்புகள் மட்டும் மிஞ்சின.

ஆனால் ஊர் வாய் அதற்குள் முந்திக்கொண்டிருந்தது. பக்கத்துத் தறிக்குடோனில் வேலை கேட்டுப் போனபோது, மற்ற பெண்கள் உன்னோடு நிற்கமாட்டோம் என்கிறார்கள் என்று முதலாளி கையை விரித்தார். குழாயடியில் அவள் குடம் வைத்தால் பின்னால் இருக்கிற குடம் நகர்ந்துபோகும். கருப்பாத்தாள் சம்பந்தி வீட்டுக்குப் போய் ரத்தப் பரிசோதனை விவரத்தைச் சொன்னாள். டாக்டர் எதைச் சொன்னால் என்ன, கண்ணால் பார்த்தது பொய்யா என்று ராசாத்தாள் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டாள்.

ஒருநாள் வெள்ளியங்கிரி தனியாக வந்தான். இளைத்திருந்தான். வேறு வீடு பார்த்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் கிளம்பி வா என்றான்.

"எங்கயும் போக வேண்டாமுங்க" என்றாள் மதிவதனி. "உங்கம்மாகிட்டயும், வாசல்ல நின்னாங்களே அவிங்ககிட்டயும் சொல்லுங்க. நீங்க எடுக்கச் சொன்னீங்க, அதுல வந்த புண்ணுன்னு. அதை மட்டும் சொல்லிப்போட்டு வாங்க. நான் அந்த ஊட்டுக்கே வாரேன்."

அவன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான்.

"அதைப் போயி எப்பிடிப் பெத்தவகிட்டச் சொல்லறது?"

"நான் செத்துப்போலாம்னு இருந்தேனுங்க. அதைவிடவா அது கஷ்டம்?"

அவன் டெம்போவைக் கிளப்பிக்கொண்டு போனான். மறுபடி வரவில்லை. அடுத்த தை மாதம் தாராபுரம் பக்கம் அவனுக்கு வேறு பெண் கட்டிவைத்தார்கள்.

மதிவதனி பெருந்துறைக்குப் போய்விட்டாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. இரண்டு பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள். ஊருக்கு அவள் வரவில்லை, அம்மாதான் எப்போதாவது வந்து பார்ப்பாள்.

ஒரு தடவை கருப்பாத்தாள் வந்தபோது முகமே சரியில்லை. மதிவதனி சோறு போட்டாள். அம்மா பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை. என்னவென்று கேட்டதற்கு, அன்புச்செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள் என்றாள். நல்ல இடம், பையன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான் என்றாள்.

"அதுக்கேம்மா இப்பிடி இருக்கறே?"

"அவிங்க கேட்டாங்க, கண்ணு. பெரியவ அந்தச் சீக்குல செத்துப்போனாளாமா, எந்த மாசம்னு கேட்டாங்க. ஊருல அப்பிடித்தான் பேசிக்கறாங்களாட்ட இருக்குது."

"நீ என்ன சொன்னே?"

கருப்பாத்தாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணுஞ் சொல்லலை. உசுரோட இருக்கறான்னா எங்கேம்பாங்க. ஊட்டுக்கு வந்து போவாளான்னு கேப்பாங்க. எந்திரிச்சுப் போயிருவாங்களோன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன், அம்மணி."

மதிவதனி எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணம் எப்போது வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். ஆவணியில் என்றாள் அம்மா.

"செரி, நல்லபடியா நடத்து. நான் வரலை" என்றாள். "சோத்தைத் தின்னும்மா, ஆறிப்போவுது."