வீடு திரும்பிய அடிக்கற்கள்

கே.ஜி.கண்டிகையில் பங்காரு வீட்டு வாசலில் நிற்கிற இருபத்தாறு கருங்கற்களும் தாமாக நடந்து வந்தவை. அவற்றில் ஒன்று வருகிற வழியில் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தது. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். அதன் தலையில் பூசிய சந்தனம் இரண்டு மழைக்கும் கரையவில்லை.

பங்காரு ஒரே ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அந்த ஐந்து வருஷத்தில் இருபத்தேழு அடிக்கல் நாட்டினார். நாட்டினார் என்றால், செங்கல் மேடையில் நிறுத்தியிருந்த கல்லின் மேல் தொங்கிய பட்டுத் திரையை விலக்கினார். கை தட்டினார்கள், சால்வை போட்டார்கள், வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பியது. நூலகம், தண்ணீர்த் தொட்டி, கால்நடை மருந்தகம் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு கட்டடத்தின் பெயரும், அதைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் பங்காருவின் பெயரும் இருந்தன. கட்டடம் எங்கேயும் எழும்பவில்லை. அவர் திருடினார் என்று எதிர்க்கட்சிக்காரன்கூடச் சொன்னதில்லை. மறந்துபோனார், அவ்வளவுதான். அடுத்த தேர்தலில் கட்சி மறுபடி சீட் கொடுத்தது. ஜனங்கள்தான் ஓட்டு கொடுக்கவில்லை. கார் கண்ணாடியிலிருந்த எம்.எல்.ஏ. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பிறகும் அதன் பசைத் தழும்பு போகவில்லை.

தோற்ற மூன்றாம் மாதம், ஆடியில், முதல் கல் வந்தது. நூலகக் கல். நட்ட நடுப் பகலில், தெருவில் நாய்கூட இல்லாத நேரத்தில், கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கூடத்தைப் பார்த்து நின்றது. டிராக்டரில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்றது, கூடவே தண்ணீர்த் தொட்டிக் கல்லும். பிறகு வாரத்துக்கு ஒன்று. ஆடிக் கிருத்திகை சமயத்தில் வந்த கல்தான் காவடிக் கூட்டத்தில் சிக்கி மொட்டை போட்டுக்கொண்டது. கால்நடை மருந்தகக் கல் பஸ் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்து டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தினாராம். கல் ஏறவில்லை. அவருக்கு அது இன்றைக்கும் வருத்தம்.

தை முடிவதற்குள் இருபத்தாறும் வந்துவிட்டன. ஒரு காலத்தில் மனு கொடுக்க வந்தவர்கள் நின்ற போர்ட்டிகோவில், அதே மாதிரி வரிசையாக, அவசரமே இல்லாமல் நின்றன. கூடத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தன் பெயரை இருபத்தாறு தடவை படிக்க வேண்டியிருந்தது. பங்காரு பழைய சால்வைகளை எடுத்து ஒவ்வொரு கல்லுக்கும் போர்த்தினார். அது இன்னும் மோசம். பாராட்டு விழா மாதிரி ஆகிவிட்டது. கொல்லைப்புற வழியாகப் போய்வர ஆரம்பித்தார். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். அவருக்கு அடுத்து வந்த எம்.எல்.ஏ. விஷயத்தைக் கேள்விப்பட்டு அடிக்கல்லே நாட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் பேனர்தான். ஃபிளெக்ஸ் நடக்காது.

இதை நம்பாதவர் ஒரே ஒருவர். பங்காருவின் மனைவி சுஜாதாவின் தம்பி சந்திரமோகன். ரயில்வேயில் கேட் கீப்பராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறது என்று போன் வந்தால்தான் எதுவும் வரும் என்பது அவர் கொள்கை.

"கல்லாவது, நடக்கறதாவது. எவனோ டிராக்டர்ல கொண்ணாந்து எறக்கிட்டுப் போறான், பாவா. உங்கள அசிங்கப்படுத்தணும்னு. நான் புடிச்சித் தரேன்."

முப்பது வருஷம் ராத்திரி ட்யூட்டி பார்த்த பழக்கத்தில் அவர் இரவெல்லாம் டார்ச் லைட்டோடு காவல் இருந்தார். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். கற்களோ பகலில் மட்டுமே வந்தன.

பெயரையாவது செதுக்கி எடுத்துவிடலாம் என்று பங்காரு பிரபுதாஸைக் கூப்பிட்டனுப்பினார். அந்த வட்டாரத்தில் அடிக்கல்லும் கல்லறைக் கல்லும் வெட்டுகிறவர் பிரபுதாஸ்தான். அவர் கற்களைச் சுற்றிவந்தார், ஒன்றைச் சாய்த்து அடியில் பார்த்தார், உளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"நானும் நாப்பது வருசமா வெட்றேங்க. கல்லறைக் கல்லு ஒண்ணுகூட இடத்த வுட்டு அசைஞ்சதில்ல. அதுக்குக் கீழ ஆளு கீது. இதுக்குக் கீழ இன்னா கீது, சொல்லுங்க?"

பங்காரு சரிந்திருந்த சால்வை ஒன்றை இழுத்துவிட்டார்.

"இருபத்தேழுல்ல வெட்டிக் கொடுத்தேன்?" என்று பிரபுதாஸ் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு கொறையுதே."

குறைந்த அந்த ஒன்று கனகம்மாசத்திரம் பஸ் நிழற்குடைக் கல். அது ஏன் வரவில்லை என்று பங்காருவுக்குத் தெரியும். அதன் மேல் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். சாலையோரம் கொய்யாவும் வெள்ளரியும் விற்கிறவள். திரையை விலக்கிய அன்று அவர் மைக்கிலேயே அவளைப் பார்த்து, அடுத்த வெயிலுக்குள் உனக்கு நிழல் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். செங்கல் மேடை இடிந்த பிறகு அவள் கல்லைப் படுக்கப் போட்டு, ஈரக் கோணியை விரித்து உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஐந்து வெயில் போயிற்று. பங்காரு சென்னைக்குப் போகும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்போனைப் பார்ப்பார்.

அக்னி நட்சத்திரத்தின் நான்காம் நாள், காக்கை இறக்கை தீய்கிற வெயிலில், கோவிந்தம்மாள் வெள்ளரிக் கூடை மேல் சாய்ந்து விழுந்தாள். ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். மூன்றாம் நாள் பகலில் இருபத்தேழாவது கல், கோணியோடு, பங்காரு வீட்டுக்குள் வந்தது. மற்றவை நகர்ந்து அதற்கு இடம் விட்டன.

பங்காரு அன்றைக்குத்தான் முன்வாசல் வழியாக வெளியே போனார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்ததும் கோவிந்தம்மாள் கையில் ட்ரிப்ஸோடு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படும்மா, படு. ஒரு குடையாவது வாங்கியிருக்கக் கூடாதா நீ?"

"நீங்கதான் நெழலு வருதுன்னு சொன்னீங்களே நைனா. அப்பறம் எதுக்குக் கொடை?" என்றாள், அவருக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கல்ல வுட்டுட்டு வந்துட்டேன். யாருனா எடுத்துகினு பூட்டா, நீங்க கட்ட வரும்போது இடம் தெரியாதே. அதுக்குத்தான் அதும்மேல குந்திகினு இருந்தேன்."

அவருக்கு அங்கே நின்றிருக்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தூங்குகிற வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடத்தில் தரை அரை அங்குலம் உள்ளே போயிருந்ததை மறுநாள் பெருக்க வந்தவர்கள் பார்த்தார்கள்.

மறுநாள் போர்ட்டிகோவைப் பிரித்தார். எம்.எல்.ஏ. ஆன வருஷம் கட்டியது. நான்கு இரும்புத் தூண், மேலே தகரம். "வெயிலு கூடம் வரைக்கும் வருதே" என்றாள் சுஜாதா. "வரட்டும்" என்றார். மனுப் போட்டு, அனுமதி வாங்க அதே ஆபீஸ்களில் ஜனங்களோடு வரிசையில் நின்றார். இருபது நாள் கழித்துக் கனகம்மாசத்திரத்தில் தூண்களுக்குக் குழி தோண்டினார். கடப்பாரை பிடித்த கை கொப்பளித்தது. டீக்கடையில் சிலர் சிரித்தார்கள். அதற்குத் தான் தகுதியானவன் என்றே அவருக்குப் பட்டது. கல்லை ஏற்றி வரவா என்று டிராக்டர்காரர் கேட்டபோது, "வேணாம். இடத்த மட்டும் வுடுங்க" என்று கூட வந்திருந்த பிரபுதாஸ் சொல்லிவிட்டார்.

தகரம் போட்ட அன்று, வேலையாட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சந்திரமோகனைச் சுஜாதா பகல் பன்னிரண்டு மணிக்கு உலுக்கி எழுப்பினாள். முப்பது வருஷத்தில் அவர் முதல்முறையாக நடுப்பகலில் கண் விழித்திருந்தார். சாப்பாட்டுக் கேரியரோடு நிழற்குடைக்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தியபோது திருப்பதி பஸ் வந்துகொண்டிருந்தது. சந்திரமோகன் சாலையின் இரு பக்கமும் பார்த்தார். கேரியரைக் கீழே வைத்தார். தோளிலிருந்த சிவப்புத் துண்டை உதறிப் பிடித்துக்கொண்டு நடுச்சாலைக்குப் போய் நின்றார்.

பஸ் நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா சார், யாரு வராங்க?"

"கல்லு கிராஸ் ஆவுதுப்பா."

கண்டக்டர் பார்த்தார். கோணியோடு ஒரு கருங்கல் சாலையின் குறுக்கே அதன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"நெசமாவே நடக்குதா சார்?"

"ஆங், நடக்குது. எங்க பாவா நட்டது" என்றார் சந்திரமோகன். கல் நிழலுக்குள் போய்ப் படுக்கிற வரை துண்டை இறக்கவில்லை. பஸ் நான்கு நிமிஷம் தாமதம்.