பூச்சி என்று எழுதிய மனு

1.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகப் பிறந்தது. கோவில்பட்டியில் ஒரு தொண்டு நிறுவனம் 'சுகாதாரக் கொள்கையில் மக்கள் குரல்' என்று பயிற்சி முகாம் நடத்தியது. ஏசி மண்டபம், இரண்டு வேளை வடை. எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைக் கூப்பிட்டு, அரசை அசைக்க ஐந்து வழிகள் எழுதித் தரச் சொன்னார்கள். எதையாவது அசைத்துப் பார்த்த அனுபவம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கூச்சப்படாமல் எழுதிக் கொடுத்தேன்: தெளிவாகக் கேளுங்கள், ஆதாரம் சேருங்கள், சரியான அதிகாரியைப் பாருங்கள், இத்யாதி.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். பிரேமலதா, புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிறவள்.

"அண்ணாச்சி, எங்க ஊரு ஆஸ்பத்திரில மருந்து இல்ல. யாருகிட்ட கேக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

என் ஐந்து வழிகளிலும் அதற்குப் பதில் இல்லை.

2.

தொடக்கம், முதல் வரைவு: 'கரிசல் பிளந்து கிடந்தது, அவள் மனதைப் போலவே.' (அடித்துவிட்டேன். மண்ணை விட்டுவிடுவோம், பாவம்.)

இரண்டாம் வரைவு: 'அன்று காலை கருத்தையா உளுந்தங்காட்டில் குனிந்தபோது…'

இதை முடிக்க முடியவில்லை. நேராகவே சொல்கிறேன். பிரேமலதாவின் கணவன் கருத்தையாவைக் காட்டில் பூச்சி கடித்தது. ஆரம்ப சுகாதார நிலையம் நடக்கிற தூரம்தான். ஆனால் விஷமுறிவு ஊசி அங்கே கிடையாது. கோவில்பட்டிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனான்.

வெளியூர் வாசகருக்கு: பூச்சி என்றால் பாம்பு. அந்த ஊரில் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்று பயம்.

3.

மனுவை நான்தான் எழுதினேன். மக்கள் மொழியில் இருக்க வேண்டுமே! 'எங்க ஊரில் அடிக்கடி பூச்சி கடித்து ஆட்கள் சாகிறார்கள். உடனே மருந்து வேண்டும்.' மண்வாசனை தூக்கலாக இருந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அரசு தூங்குகிறது என்று சொல்பவர்கள் கவனிக்க: ஒரே மாதத்தில் நடவடிக்கை. கொசு மருந்து அடிக்கும் வண்டி வந்தது. மூன்று தெருவிலும் புகை. ஆடுகளெல்லாம் இருமின.

"மருந்து கேட்டோம்லா, வந்துட்டு" என்றாள் பிரேமலதா போனில். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

4.

சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் பரமசிவன் நல்ல மனிதர். (கதைக்கு வில்லன் வேண்டுமென்று இவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) பிரேமலதாவிடம் பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"மூணு வருசத்துல பாம்புக்கடி சைபர். பூச்சிக்கடி நாப்பத்தொண்ணு. வந்து நிக்கிறவங்க சொல்லுததத்தான சீட்டு போடுத பிள்ள எழுதும்? சைபர் உள்ள ஊருக்கு எப்படிம்மா ஊசி அனுப்புவாங்க?"

புது மனுவுக்கு ஆதாரம் சேர்க்க பிரேமலதா வீடு வீடாக ஏறினாள். கோவில்பட்டியில் வைத்தியம் பார்த்துப் பிழைத்து வந்தவர்களின் சீட்டுகளைக் கேட்டு வாங்கினாள். பதினேழு சேர்ந்தது. ஒவ்வொருவரும் என்ன கடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் சிக்கல். அழகிரிசாமி, கால் வீங்கி ஒரு மாதம் படுத்துக் கிடந்தவர், முதலில் எழுதவே மறுத்தார்.

"ஏட்டி, வீட்டுக்குள்ள வச்சு அதச் சொல்லாத. பூச்சின்னே போட்டுக்கோ."

"பூச்சின்னு போட்டா புகதான் மாமா வரும்."

(இந்த இடத்தில் அவளை வீராங்கனையாக்கும் ஆசை எனக்கு வந்தது. ஆனால் அவள் ஒவ்வொரு வாசலிலும் பயந்துகொண்டுதான் நின்றாள். சனி ஞாயிறுகளில் ஆடு பத்திக்கொண்டு காட்டுக்குப் போகிறவள் அவள் மகள் பானு. பதின்மூன்று வயது.)

5.

கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு நாள். துணைக்கு நானும் போனேன். அதிகாரி பழைய கோப்பைப் புரட்டினார்.

"உங்க ஊருக்குத்தான் மருந்து அடிச்சாச்சே. இப்ப என்ன பூச்சி?"

பிரேமலதா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"பாம்பு சார்" என்றாள் கடைசியில். "எங்க வீட்டுல அவியளக் கடிச்சது பாம்பு. பதினேழு பேரக் கடிச்சதும் பாம்பு."

'தெளிவாகக் கேளுங்கள்' என்று வடை தின்றுகொண்டே நான் எழுதியது இதைத்தான் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. சாயங்காலம் திரும்பும் பேருந்தில் அவள் பானுவுக்கு மூன்று முறை போன் போட்டாள்.

6.

பதில் வந்தது. 'தாங்கள் இணைத்துள்ள பதினேழு கடிகளும் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. பழைய பதிவேட்டைத் திருத்த விதியில்லை. தங்கள் நிலையத்தில் இனிமேல் பதிவாகும் பாம்புக்கடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.'

பிரேமலதா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"எத்தன பேரு வேணுமாம் அண்ணாச்சி?"

7.

முடிவு அ: ஊசி வருகிறது. ரிப்பன் வெட்டுகிறார்கள், பிரேமலதாவுக்குப் பொன்னாடை. (பொய்.)

முடிவு ஆ: அவள் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறாள். (இதுவும் பொய். வருகிற திங்கள்கிழமையும் போகிறாள். பேருந்துக்கு நேரம்கூடக் கேட்டு வைத்துவிட்டாள்.)

முடிவு இ: அந்தக் கடிதமே கேட்கிற முடிவு. ஒருவர் கடிபட வேண்டும். ஊர் நிலையத்துக்கே வந்து, சரியான சொல்லைச் சொல்லி, சைபரை ஒன்றாக்க வேண்டும். அந்த ஒருவருக்கு ஒரு பெயர் வேண்டும். பானு என்று எழுதினால் கதைக்குக் கனம் கூடும் என்று என் புத்தி சொல்கிறது. இந்தப் புத்தியை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. எழுத மாட்டேன்.

ஆனால் ஒரு பெயர் இல்லாமல் அந்தக் கோப்பு நகராது. கடிபட்டவர் என்ற இடத்தில் யார் பெயர் வர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அதற்கு மனம் வரவில்லை என்றால் மனுதாரர் என்ற இடமும் இருக்கிறது. இப்போதைக்கு அதில் பிரேமலதா மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.