சுவரைத் தாண்டி வந்த வைஃபை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கிளறன்ஸ் குளித்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முன்னறைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் எங்கும் போகப்போவதில்லை. இத்தாலியில் இருக்கும் மகள் ஷாமலாவின் குழந்தைக்கு நம்ம நேரம் மூன்று மணிக்கு ஞானஸ்நானம். முதல் பேரன். விசா கிடைக்காத தாத்தாவும் பாட்டியும் போனில்தான் பார்க்க வேண்டும். அதற்காக தெரேசா பட்டுச் சேலை கட்டி, தலைக்குப் பூவும் வைத்திருந்தாள். இருவரும் போனை மேசையில் சாய்த்து வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அதன் முன்னால் காத்திருந்தார்கள்.

கலஹாவில் அவர்கள் குடியிருந்த பள்ளத்துக்கு இன்டர்நெட் இறங்கி வர மனசில்லை. வாசற்படியில் நின்றால் பேச மட்டும் சிக்னல் கிடைக்கும், படம் வராது. ஆகவே ஒட்டிய வீட்டுத் திலீபன் கம்பி இழுத்து ரவுட்டர் பூட்டியபோது, பில்லில் பாதி தருகிறேன் என்று கிளறன்ஸும் சேர்ந்துகொண்டார். ரவுட்டருக்குத் திலீபன் தன் பெயரையே வைத்தான். பாஸ்வேர்டை கிளறன்ஸின் காதோடு சொன்னான். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர். வைஃபை அதைத் தாண்டி நன்றாகவே வந்தது.

வைஃபை மட்டும்தானா வந்தது? த்ரீவீலர் ஓட்டும் திலீபன் தன் மனைவி கலாராணியை அடிக்கிற சத்தமும் அதே சுவரைத் தாண்டித்தான் வந்தது. சோறு குழைந்தால் அடி. அம்மா வீட்டுக்குப் போன் பேசினால் அடி. அவள் தலை சுவரில் மோதும்போது இந்தப் பக்கம் மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படம் ஒரு பக்கமாகச் சாயும். தெரேசா டீவி சத்தத்தைக் கூட்டுவாள். எல்லாம் அடங்கிய பிறகு கிளறன்ஸ் எழுந்துபோய்ப் படத்தை நேராக்குவார். நாலு வருஷமாக அந்த வீட்டில் இதுதான் முறை.

"புருஷன் பொண்டாட்டி விஷயம்ங்க. நாம போய்க் கேட்டா, நாளைக்கு அவங்க ஒண்ணாயிருவாங்க, நாமதான் கெட்டவங்களா நிப்போம்," என்பாள் தெரேசா. தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற கிளறன்ஸுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தவிர, வெளியே திலீபன் தங்கமான பிள்ளை. இவர்கள் வீட்டு காஸ் சிலிண்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைப்பான். கலாராணிக்குத்தான் கொஞ்சம் மண்டைக்கனம் என்று கிளறன்ஸும் தெரேசாவும் பேசிக்கொள்வார்கள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்று மணிக்குப் போனில் படம் வந்தது. இத்தாலிக் கோயிலில் பாதிரியார் தண்ணீர் ஊற்றும் சிப்பியைக் கையில் எடுத்தார். ஷாமலா குழந்தையின் தலையை ஏந்திப் பிடித்தாள். படம் அப்படியே நின்றது.

"ஐயோ, ஐயோ, என்னங்க இது!" என்று தெரேசா போனைத் தட்டினாள். கிளறன்ஸ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். வைஃபை பட்டியலில் திலீபன் என்ற பெயரையே காணவில்லை. அந்த இடத்தில் எழுத்தும் இலக்கமுமாக, வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதைத் தொட்டு, தனக்குத் தெரிந்த பாஸ்வேர்டை அடித்தார். பிழை என்றது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் பிழை.

அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் திலீபனின் குரல் எழுந்தது. "என் பேர் எங்கடி? இது யாரு பேரு? எவனுக்குடி பாஸ்வேர்ட மாத்திக் குடுத்த?" ஒரு பாத்திரம் உருண்டது. 'மடார்' என்று சுவர் அதிர்ந்தது. படம் சாய்ந்தது. இன்னொரு அடி. இந்த முறை ஆணியே பெயர்ந்து, படம் கீழே விழுந்து கண்ணாடி சிதறியது. கலாராணி அலறிய அலறலை எந்த டீவியாலும் அமுக்க முடியாது.

கிளறன்ஸ் எழுந்து ஓடினார். ஓடினார்தான், ஆனால் எதற்காக ஓடினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேரன் தலையில் தண்ணீர் விழுவதற்குள் வைஃபை வந்தாக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கதவை அவர் தட்டியது அதுதான் முதல் தடவை.

திலீபன் கதவைத் திறந்தான். மேலெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது. ஆனாலும் மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க அங்கிள், இருங்க."

அன்றைக்கு சரஸ்வதி பூசை. சாயங்காலப் பூசைக்காகத் தரையில் பாய் விரித்து, தொழில் சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்கியிருந்தது. வீல் ஸ்பேனர், ஜாக், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, வரிசையின் கடைசியில் ரவுட்டர். பாய்க்குப் பக்கத்தில் கலாராணி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். புருவம் பிளந்து, ரத்தம் கன்னத்தில் வழிந்து சந்தனக் கிண்ணத்தில் சொட்டியது.

கிளறன்ஸ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "தம்பி, வைஃபை வேல செய்யல," என்றார்.

எந்த வாயால் அதைச் சொன்னாரோ! ஆம்பிளைகள் இருவரும் பாயில் குந்தி ரவுட்டரைப் பிரட்டிப் பார்த்தார்கள். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில்தான் கம்பெனி கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். மஞ்சள் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்ததில் எழுத்தெல்லாம் கரைந்து, வெறும் மஞ்சள் காகிதம்தான் மிச்சம். திலீபன் தன் போனில் பழைய பாஸ்வேர்டை அடித்தான். பிழை. பெரிய எழுத்தில் அடித்தான். பிழை. ஓரடி தள்ளி ஒருத்தி ரத்தம் துடைத்துக்கொண்டிருக்க, இவர்கள் பச்சை விளக்கு எரிகிறதா, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"என்னடி செஞ்ச? சொல்லு!"

"பொட்டு வைக்கிறப்ப அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள குங்குமம் விழுந்திருச்சு," என்றாள் கலாராணி. "வெளக்குமாத்து ஈர்க்க விட்டு அமுக்கித் திருகி எடுத்தேன். லைட்டெல்லாம் நின்னு மறுபடி எரிஞ்சுச்சு. அவ்வளவுதாங்க. சத்தியமா வேற ஒண்ணுந் தெரியாது."

கிளறன்ஸுக்கு விளங்கிவிட்டது. அந்த ஓட்டையை அமுக்கிப் பிடித்தால் ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்து, கடையில் வாங்கிய நாளுக்குப் போய்விடும். அந்தப் பெயர் எவனுடைய பெயரும் இல்லை, கம்பெனி வைத்த பெயர். "தம்பி, அவ மாத்தல. அவளுக்குப் பாஸ்வேர்டே தெரியாதே. எனக்கும் ஒனக்கும் மட்டுந்தானே தெரியும்," என்றார்.

திலீபன் கேட்கிற நிலையில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் தன் சந்தேகம் பொய்யாகிப் போனது அவனுக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றா அங்கிள், இவ சங்கதி ஒங்களுக்குத் தெரியாது," என்று எட்டி அவள் இடுப்பில் உதைத்தான். அவள் சுருண்டாள்.

"அடிக்காதப்பா, பேசித் தீத்துக்கலாம்..." என்றார் கிளறன்ஸ்.

கலாராணி தலையை நிமிர்த்தினாள். பேசியது திலீபனோடு அல்ல.

"நீங்க போங்க அங்கிள். நாலு வருஷமா இந்தச் செவத்துல என் மண்டைய மோதுறான். நான் கத்துனதெல்லாம் ஒங்க வீட்டுக்குக் கேக்கலையா? நான் அலறுறப்பல்லாம் டீவி சத்தம் கூடுறது எனக்குக் கேட்டுச்சு. இன்னைக்கு வைஃபை நின்ன ஒடனேதான் இந்தக் கதவு ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?"

"ஊர் மனுசங்ககிட்ட என்னைய அசிங்கப்படுத்துறியாடி!" திலீபன் பாயில் இருந்த வீல் ஸ்பேனரைத் தூக்கினான். சந்தனம் இன்னும் காயவில்லை. அவள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். விழுந்தது ஒரே அடி. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் விறகு ஒடிந்த மாதிரிக் கேட்டது.

இரண்டாவது அடி அவள் தலைக்கு வந்தது. அது விழுந்திருந்தால் அவள் அன்றோடு சரி. கிளறன்ஸ் குறுக்கே பாய்ந்து திலீபனைப் பிடித்தார். ஸ்பேனர் அவர் தோளில் இறங்கி, வெள்ளைச் சட்டை கிழிந்து சிவந்தது. வலியில் கண் இருண்டாலும் பிடித்த பிடியை விடவில்லை. தள்ளினார், ஜாக்கில் தடுக்கி இருவரும் விழுந்தார்கள், ரவுட்டர் கிழவரின் முதுகுக்கடியில் நொறுங்கியது. கூச்சல் கேட்டு வரிசை வீட்டுக்காரர்கள் ஓடி வந்து திலீபனை மடக்கிப் பிடித்தார்கள்.

கிளறன்ஸ் தள்ளாடித் தன் வீட்டுக்குப் போய், மேசையில் இருந்த போனை எடுத்து வாசற்படிக்கு வந்து பொலிஸைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்கள். பேச வைஃபை தேவையில்லை. இந்தப் படியில் சிக்னல் உண்டு என்பது நாலு வருஷமாக அவருக்குத் தெரியும்.

"என்ன அங்கிள், வீட்டு விஷயத்துக்குப் போய் பொலிஸா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் வீட்டுக்கு வரும் வழியைச் சொன்னார்.

அன்று சாயங்காலமே பொலிஸ் திலீபனைக் கொண்டுபோனது. பேராதனை ஆஸ்பத்திரியில் கலாராணியின் கைக்கு மாக்கட்டுப் போட்டு, புருவத்தில் தையல் போட்டுப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் தோளில் கட்டோடு கிளறன்ஸும், துணைக்குத் தெரேசாவும். வாக்குமூலம் எடுக்கத் தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் வந்தார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா ஐயா?"

தெரேசா கணவனின் சட்டையை இழுத்தாள். "கோடு கச்சேரின்னு அலைய ஏலாதுங்க. தெரியாதுன்னு சொல்லிருங்க. அவங்க வீட்டு விஷயம்..."

"இன்னைக்குப் பாத்தேன் சார்," என்றார் கிளறன்ஸ். "நாலு வருஷமாக் கேட்டேன். ரெண்டையும் எழுதுங்க. கோர்ட்டுக்கும் வர்றேன்." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. "தெரேசா, பக்கத்து வீட்டுல அடி விழுறப்ப டீவி சத்தத்தக் கூட்டுற கையும் அடிக்கிற கைதான். அது வீட்டு விஷயம் இல்ல, குத்தம். கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்த நம்மளும் அதுல கூட்டு."

தெரேசா சட்டையைப் பிடித்திருந்த கையை விட்டாள். கட்டிலில் கண் மூடிப் படுத்திருந்த கலாராணி மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

"என்ன சொன்னீங்க அங்கிள்? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அவன் அடிச்சு அடிச்சு இந்தப் பக்கத்துக் காது எனக்குக் கேக்கிறதில்ல."

கூப்பிட்டால் திரும்புவதில்லை, மண்டைக்கனம் என்று தாங்கள் பேசிச் சிரித்தது இதைத்தான். கிளறன்ஸ் எழுந்து நின்றார். அந்த வார்ட் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, சொன்னதையே மறுபடியும் உரக்கச் சொன்னார்.