இரவல் போன வெள்ளம்

மஞ்சக்கடவு வட்டார நூலகத்தில் ஊரின் பழைய நாட்களை மடித்து வைத்திருக்கிறார்கள். மாடியில் புத்தகங்கள், கீழே நாட்கள். நாட்கள் கனமானவை என்பதால் அந்த ஏற்பாடு. ஒரு நாளை மடிக்க இருவர் வேண்டும். ஜமக்காளத்தைப் பிடிப்பதுபோல ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, சாயங்காலம் உள்பக்கம் வரும்படி மடிப்பார்கள். இல்லாவிட்டால் சாயங்காலத்துச் சிவப்பு பக்கத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை போடுவார்கள். ஊருக்கு முதல் பஸ் வந்த நாள், கரண்ட் வந்த நாள், சந்தைப்பேட்டை தீப்பிடித்த நாள் எல்லாம் அப்படித்தான் அங்கே இருக்கின்றன. உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் யாரும் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

பெருவெள்ளம் வந்த நாள் கடைசி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதன் கீழே ஓர் அலுமினியப் பேசின் வைத்திருந்தார்கள்.

நாட்கள் பிரிவு வசந்தாமணியின் பொறுப்பு. அவள் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணங்கள் இருந்தன. தேர்த் திருவிழாவை எடுத்துப்போன ஒரு வாத்தியார் வீட்டார் அதில் பஜ்ஜி எண்ணெய் படிய வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்சிக்காரர் ஒருவர் சுதந்திர ஊர்வலத்தில் தன் தாத்தாவைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார். தாத்தா டெரிலின் சட்டை போட்டிருந்ததால் வசந்தாமணி அவரைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பினாள். அன்றிலிருந்து எந்த நாள் திரும்பி வந்தாலும் அதைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஓரத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அலமாரியில் வைப்பாள்.

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து சென்னியப்பன் வெள்ளத்தையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். மேட்டுத்தெருக்காரர், லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவருடைய அப்பாதான் வெள்ளத்தன்று மதகுக் காவலில் இருந்தவர். மதகைத் திறக்காமல் அவர் ஓடிப்போனதால்தான் தண்ணீர் ஊருக்குள் வந்தது என்பது ஊர்ப்பேச்சு. சென்னியப்பனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அதைச் சொல்லிக் காட்டினார்களாம்.

"மறுபடியும் வெள்ளமாங்க?" என்றாள் வசந்தாமணி.

"ஆமாங்க அம்மிணி."

"அதுல அப்படி என்னதான் பாக்கறீங்க?"

"நம்மூரு வரலாறு பாருங்க. நாலு பேருக்குத் தெரியோணுமல்ல."

முதல் தடவை அதைத் தூக்கிச் சைக்கிளில் வைக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அவர் ஒருவராகவே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகும் வசந்தாமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பன் பேரைக் காப்பாற்ற நினைக்கும் மகன் ஒரு வெள்ளத்தை என்னென்ன செய்யக்கூடும் என்று யோசித்தாள். மதகைத் திறந்துவிட்டிருக்கலாம். அப்பனை ஓடாமல் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெள்ளம் திரும்பி வந்ததும் மதகுப் பக்கத்து மடிப்பைப் பிரித்துப் பார்த்தபோது, மதகுக் காவல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டம்கூட அவளுக்குக் கொஞ்சம் நடிப்பாகப் பட்டது.

இன்னொரு பக்கத்தை அவள் ஒருநாளும் பிரித்ததில்லை. அது தரைப்பாலம். அவளுடைய அப்பா வெள்ளியங்கிரி போனது அங்கேதான். தையற்காரர். தீபாவளிக்கு முந்தின வாரம், ஊரார் கொடுத்த துணிகளைத் தைத்து முடித்து, மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டும்போது தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. வசந்தாமணி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள். ஊரில் வயதான சிலர் அவளைப் பார்த்தால் இன்றைக்கும், "உங்கொப்பன் எஞ்சட்டையக் கொடுக்கவேயில்ல" என்பார்கள். அந்த மடிப்பைப் பிரித்தால் அவர் போவதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அவள் பிரிக்கவில்லை.

மாசி மாதம் ரேஷன் கடைச் சுவரில் வெள்ளக்கோடு இறங்கியது. ஊர்ச் சுவர்களில் பெருவெள்ளம் விட்டுப்போன கறை, ஆள் உயரத்துக்கும் மேலே, காவி நிறத்தில் ஓடும். அது இப்போது இடுப்பு மட்டத்தில் இருந்தது. அரிசி வாங்க நின்றவர்கள் கோட்டைப் பார்த்தார்கள், பிறகு வசந்தாமணியைப் பார்த்தார்கள்.

நூலகர் ஹபீபுல்லா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே பேசினார்.

"வெள்ளம் குறைஞ்சிருக்கு."

"தெரியும் சார். சென்னியப்பன்மேல எனக்குச் சந்தேகம் இருக்கு."

"சாவி உங்ககிட்ட இருக்கு. உங்கப்பா உள்ளே இருக்கார். நான் ஒண்ணும் சொல்லலை."

"நான் அந்தப் பக்கத்தைப் பிரிச்சதே இல்லை சார்."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். பெத்த அப்பாவை இத்தனை வருஷமா ஒருத்தர் பார்க்காம இருப்பாங்களா?"

மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். வெள்ளம் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். நாளைக் காலை ஒன்றியத்துத் தண்ணி லாரி வந்து குறைந்ததை நிரப்பும்.

அன்று வழியெல்லாம் மக்கள் அவள் சேலைக் கரை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவளே குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஈரமில்லை. ஆனாலும் நிம்மதியாக இல்லை.

நேராக மேட்டுத்தெருவுக்குப் போனாள். சென்னியப்பன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. உள்ளே, களத்தில் நெல் காயப்போடுவதுபோல வெள்ளம் விரிக்கப்பட்டிருந்தது. சென்னியப்பன் அதன் ஓரத்தில் குந்தி, வாளியில் மொண்டு மொண்டு பெண்களின் குடங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். செம்மண் கலங்கல் தெளிய, ஒரு மூலையில் யாரோ கல்லில் தேத்தாங்கொட்டை உரைத்துக்கொண்டிருந்தார்கள்.

வசந்தாமணியைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்கள் குடங்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

"குடிக்கறதுக்கில்லீங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன். "பொழங்கறதுக்குத்தான். தெருக் கொழாய்ல காத்துத்தான் வருதுங்க."

"வரலாறுன்னு சொன்னீங்களே?"

"வரலாறுதானுங்களே இது. அத்தனையும் நம்மூருத் தண்ணி."

"உங்கப்பா விசயத்துல ஏதாச்சும்..."

சென்னியப்பன் வாளியைக் கீழே வைத்தார். "பாத்தனுங்க. ஓடிட்டிருந்தாரு. கூப்பிட்டும் பாத்தேன், திரும்பல. ஓடறவரு ஓடட்டும்னு விட்டுட்டனுங்க. அதுல நான் கை வெக்கல."

அவர் பொய் சொல்லவில்லை என்று வசந்தாமணிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குச் சங்கடமாக இருந்தது. இருவருமாக வெள்ளத்தை மடித்தார்கள். கடைசிக் குடத்தோடு நின்ற பெண் மட்டும், "எனக்கு ஊத்திட்டு மடிச்சிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலை, நூலகம் திறக்குமுன் வசந்தாமணி வாசிப்புக்கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு வெள்ளத்தைத் தரையில் விரித்தாள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று லாரிக்காரருக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு தரைப்பாலத்து மடிப்பைப் பிரித்தாள்.

பாலத்தின் நடுவில் ஒருவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் அவர் தொடை அளவுக்குத்தான் இருந்தது. இருபத்தைந்து வயதுக்குமேல் சொல்ல முடியாது. தண்ணீர் தன்னை அடித்துக்கொண்டு போகாததால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவரைப்போல இருந்தது அவர் முகம். காதோரம் பென்சில் செருகியிருந்தது.

"ஏனுங்கக்கா, இன்னும் தண்ணி வருமுங்களா?" என்றார்.

"வருமுங்க. லாரி வந்துட்டிருக்குது. நீங்க கரைக்கு வாங்க."

அவர் மூட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க யாரு?"

"உங்க மகளுங்க."

"எனக்கு இன்னும் கொழந்தையே பொறக்கலீங்களே."

"பொறந்தாச்சுங்க."

அவர் அவள் தலையைப் பார்த்தார். "நரைச்சிருக்குது."

"நாளாச்சுங்க."

அவர் ஓரடி பின்னால் போனார். "மூட்டைல இருக்கறது பூராவும் அடுத்தவங்க துணிங்க. தீவாளிக்குக் கொடுத்தது. ஊருப்பேரு தெரியாத ஆளுகிட்ட நான் கொடுக்க முடியாதுங்கக்கா. வெள்ளத்தோட வெள்ளமா மூட்டை தூக்க ஆளுக அலையுதுன்னு கேள்விப்பட்டிருக்கறேன்."

"மூட்டைய நீங்களே வெச்சுக்கங்க. நீங்க வந்தாப் போதும். பாவாத்தா வீட்டுலதான் இருக்குது."

மனைவியின் பெயரைக் கேட்டதும் அவருடைய சந்தேகம் அதிகமாகியது. பெயரை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெளியே தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது.

"பாவாத்தாளுக்கு ஒரு ரவிக்கை தெச்சு இந்த மூட்டைக்குள்ள வெச்சிருக்கறேன். என்ன நெறம்? சொல்லுங்க பாக்கலாம்."

வசந்தாமணி மூட்டையைப் பார்த்தாள். அரக்கு என்று சொல்லலாம். பச்சை என்று சொல்லலாம். அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது என்பதுகூட அவளுக்குத் தெரியும். அதை ஒரு புதுப்பெண்ணுக்காக அவளுடைய புருசன் தேர்ந்தெடுத்திருப்பானா என்பது தெரியாது. லாரி வாசலுக்கு வந்து நின்றது. குழாயை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"தெரியாதுங்க" என்றாள். "அது வீடு வந்து சேரவேயில்லீங்க."

வெள்ளியங்கிரி அவளைக் கூர்ந்து பார்த்தார்.

"திருட வந்தவளா இருந்தா ஏதாச்சும் ஒரு நெறத்தச் சொல்லியிருப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். கை ஐஸ்போல இருந்தது. அவள் பிடித்து இழுக்க, அவர் வெள்ளத்தின் ஓரத்தைத் தாண்டி வாசிப்புக்கூடத்துத் தரையில் கால் வைத்தார்.

ஹபீபுல்லா குழாய்க்காரரோடு உள்ளே வந்தபோது, வெள்ளியங்கிரி செய்தித்தாள் மேசையில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரன் தேடும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நூலகம் திறந்ததும் வேலைவாய்ப்புச் செய்தி பார்க்க வந்த இருவர் அவருக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

லாரி தண்ணீர் வெள்ளத்துக்குள் இறங்கியது. மடிப்புகள் ஒவ்வொன்றாக உப்பின. பாலம் முழுகியது, பிறகு பாலத்தின் ஓரக்கல், பிறகு புளியமரத்தின் முதல் கிளை. ரேஷன் கடையிலிருந்து போன் வந்தது. கோடு பழைய இடத்துக்கு ஏறிவிட்டதாம். ஹபீபுல்லா தலையாட்டிவிட்டுக் குனிந்து, வெள்ளத்துக்குள் இருந்த ஆட்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

"தரைப்பாலத்துல உங்கப்பாவைக் காணோம்."

"வெள்ளத்துல போனவர் சார்."

"போறப்பவாவது தெரியணுமே."

"உடல் கிடைக்கலைங்கறதுதானே சார் நம்மூர் வரலாறு? இப்பத் தேடிப் பாருங்க. கிடைக்குதா?"

ஹபீபுல்லா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேடினார். புளியமரத்தடியில் தேடினார், மதகுக்குக் கீழே தேடினார், ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கிப் பார்த்தார். உடல் கிடைக்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றார், அவ்வளவாகப் பிடிக்காத குரலில். கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவரின் பார்வை செய்தித்தாள் மேசையில் போய் நின்றது. "யாரது, வேட்டி சொட்டச் சொட்ட?"

"வாசகர் சார்."

"உறுப்பினரா?"

"எங்க குடும்ப அட்டையில சேர்த்துக்கலாம் சார்."

ஹபீபுல்லா அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மூக்கு. அதை அவர் கவனித்தாரா என்று வசந்தாமணியால் சொல்ல முடியவில்லை.

"துணிமூட்டையோட உள்ளே வரக்கூடாதுன்னு சொல்லி வைங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மத்தியானம் சென்னியப்பன் வந்து மேசைமுன் நின்றார். வெள்ளத்தை இனி வெளியே கொடுப்பதில்லை என்று வசந்தாமணி சொன்னாள். திரும்பிப் போகப் போனவரை நிறுத்தி, ஆறு நிறைந்து ஓடிய ஓர் ஆடிப்பெருக்கை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல குளிக்கறவங்க இருக்கறாங்க. பாத்து மொள்ளுங்க."

"கொழந்தைக இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. அந்தப் பக்கம் வாளி போடாதீங்க."

"செரிங்க அம்மிணி" என்று அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். இந்தத் தடவை கனமாக இருந்ததால் நடை தள்ளாடியது.

சாயங்காலம் அலமாரிகளைப் பூட்டிவிட்டு வசந்தாமணி அப்பாவோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவர் வழிநெடுக ஒவ்வொரு வீடாகக் காட்டி, இது இன்னாருடையதுதானே, அவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இருக்கிறார் என்றால் மூட்டையை ஒருமுறை தட்டிக்கொண்டார். இல்லை என்றால் அந்த வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாவாத்தாளுக்கு என்ன வயது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மினி பஸ்ஸில் கூட்டம் இல்லை. இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்து, "எங்கீங்க?" என்றார்.

"கருப்பணார் கோயில். ரெண்டு பேரு."

"நீங்க இவருக்கு என்ன வேணுமுங்க?"

"மகளுங்க."

கண்டக்டர் அவளுடைய நரையைப் பார்த்தார், அவருடைய அரும்பு மீசையைப் பார்த்தார். காதிலிருந்த பேனாவை எடுத்து இருவரில் சின்னவர் யார் என்று யோசித்துவிட்டு, வசந்தாமணிக்கு முழு டிக்கெட்டும் அவளுடைய அப்பாவுக்கு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டாம பாத்துக்கங்க" என்று சொல்லி அடுத்த இருக்கைக்குப் போனார்.